மூன்று மணித்தியாலத் தூரம்

கொழும்புக் கோட்டை ஸ்ரேசனில் காலை ரயில் ஏறினால் பேராதனைக்கு மூன்று மணித்தியாலம், கொஞ்சம் முன்பின். காரில் போனாலும் நிட்டம்புவையும் கேகாலையும் மறிக்காவிட்டால் அவ்வளவுதான். நானும் இவரும் அங்கே பல்கலைக்கழகத்தில்தான் படித்தோம், அங்கேதான் ஒருவரையொருவர் கண்டோம், 1998இல் கொழும்புக்கு இறங்கினோம். பிறகு 26 வருஷம் அந்தப் பக்கம் போகவேயில்லை. இதற்கிடையில் நுவரெலியாவுக்கு மூன்று தரம் போயிருக்கிறோம். மூன்று தரமும் அவிசாவளை, ஹற்றன் பாதை. "கண்டிப் பக்கத்தால போனா ஒரே நெரிசல்" என்று இவர் சொல்வார். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டுவேன்.

இதைக் கண்டுபிடித்தவன் மகன். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறான். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கிடைத்தால் வெள்ளவத்தை வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பது அவன் கணக்கு. ஒருநாள் இராச்சாப்பாட்டு நேரத்தில் இவர் பேராதனைப் பொறியியல் பீடத்தின் பெருமையை அவிழ்த்துவிட, அவன் கேட்டான்:

"அவ்வளவு நல்ல இடமெண்டா ஏன் ஒருக்காலும் எங்களைக் கூட்டிக்கொண்டு போகேல்லை?"

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் குழம்புச் சட்டியை எடுக்கப் போவதுபோல எழும்பினேன். நான் திரும்பி வந்தபோது, "சரி, வாற போயாவுக்குப் போவம்" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் 2024 பெப்ரவரி 23, நவம் போயா என்கிற பௌர்ணமி விடுமுறை, வெள்ளிக்கிழமை, நாங்கள் நாலுபேரும் இரண்டு பைகளோடு புறப்பட்டோம்.

சீற் பதியாமல் விட்டது என் பிழை. போயாவோடு வார இறுதி சேர்ந்து வந்தால் மலைநாட்டு ரயிலில் ஊசி குத்த இடம் இராது என்பது தெரிந்தும், முதல்நாள் பின்னேரம்தான் எனக்கு நினைவு வந்தது. மூன்றாம் வகுப்பில் றம்புக்கனை மட்டும் நின்றுகொண்டு போனோம். பின்னவலை யானைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே இறங்க, யன்னலோரமாய் இரண்டு இருக்கை கிடைத்தது. றம்புக்கனைக்குப் பிறகுதான் ரயில் மலை ஏறத் தொடங்கும் என்பதால் அதில் நட்டம் ஒன்றுமில்லை. 1867இல் இந்த ஏற்றத்தை வெட்டிக் குடைந்துதான் கண்டிக்குத் தண்டவாளம் கொண்டுபோனார்கள். அன்றைக்கு அது கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கான பாதை.

முதல் சுரங்கம் வந்ததும் பெட்டி முழுக்க "ஊ" என்று கூவியது. இந்த ரயிலில் அது ஒரு சடங்கு. மகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது சுரங்கத்தில் அவளும் கூவினாள். மூன்றாவதில் அவளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு கனத்த குரல் எழும்பியது. வெளிச்சம் வந்ததும் பார்த்தால் இவர், ஒன்றுமே நடக்காததுபோல வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு வயதில் அவள் அப்பாவின் அந்தக் குரலை முதல்முறையாகக் கேட்டிருக்கிறாள். "அம்மா, அப்பா கூவினவர்!" என்று எனக்கு அறிவித்தாள். அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. விடுமுறை முடிந்து திரும்புகிற கம்பஸ் பொடியன்கள் எல்லோரும் அப்படித்தான் கூவுவார்கள். ஆனால் அவர்களில் தமிழ்ப் பொடியன்கள் எப்போதும் ஒரு கணம் பிந்தித்தான் தொடங்குவார்கள். பெட்டி முழுக்கக் கூவுகிறதா என்று பார்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தாவரவியல் பூங்கா. அங்கே நான்தான் வழிகாட்டி. நான் படித்தது தாவரவியல் சிறப்புப் பட்டம். எங்களுக்குப் பூங்கா ஒரு வகுப்பறை, 147 ஏக்கரில். 1821இல் தொடங்கிய பூங்கா. மகாவலி அதை ஒரு கையால் அணைத்ததுபோல வளைத்துக்கொண்டு ஓடுகிறது. போயா விடுமுறைக் கூட்டம் புல்வெளி முழுக்கப் பாய் விரித்திருந்தது. சோற்றுப் பார்சல், கிரிக்கெட், குடைக்குள் காதலர்கள். ஒன்றும் மாறவில்லை.

மகனுக்கு மரங்களில் அக்கறையில்லை. 1944இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இந்தப் பூங்காவில்தான் வைத்திருந்தார் என்று சொன்னதும் கொஞ்சம் நிமிர்ந்தான். மகளை இரட்டைத் தென்னையடியில் நிறுத்தி, உலகத்திலேயே பெரிய வித்து இதனுடையதுதான் என்று சொன்னேன். சீஷெல்ஸ் தீவுகளின் மரம், ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. அவள் அதைப் படமெடுத்து யாருக்கோ அனுப்பினாள். பிறகு நாகலிங்க மரம். பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் மேரி அரசியும் 1901இல் நட்டது. இந்த மரத்தைக் கண்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். எங்கள் சிவன் கோயில்களில் இதன் பூவுக்குள் லிங்கமும் நாகமும் இருப்பதாகச் சொல்லிக் கும்பிடுகிறோம். சிங்கள மக்கள் இதைச் 'சல்' என்று பன்சலையில் வளர்க்கிறார்கள், புத்தர் பிறந்தது சல் மரத்தடியில் என்பதால். அந்தச் சல் வேறு இனம், வட இந்தியக் காடுகளில் வளர்வது. இதுவோ தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம். வந்தது எப்போது என்று யோசிக்காமல் இரண்டு பக்கமும் இதற்குப் பூசை போடுகிறோம்.

"அம்மா, லெக்சர்," என்றான் மகன்.

சரி, விட்டுவிட்டேன். ஆனால் ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் வருஷத்தில் நாங்கள் இலை, பூ எல்லாம் சேகரித்துப் பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைப்போம். என்னிடம் இருந்தது வீரகேசரி. எனக்குப் பக்கத்து மேசைக்காரியிடம் லங்காதீப. அவள் பல்கலைக்கழகத்துக்குத் தெற்கே ஹிந்தகலைக் கிராமத்துப் பிள்ளை, வீட்டிலிருந்தே வருவாள். நான் இங்கே அவளை ஹிந்தகலை என்றே சொல்கிறேன். தாள் ஈரமானால் மாற்ற வேண்டும். அவசரத்தில் அவளுடையதை நானும் என்னுடையதை அவளும் எடுத்துவிடுவோம். மாதங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தால் இலையோடு பழைய செய்தியும் வெளியே வரும். எங்கேயோ ஒரு சண்டை, இத்தனைபேர். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எனக்குச் சிங்களம் எழுத்துக்கூட்டித்தான் வரும். படங்களைப் பார்த்தால் ஒரே செய்திதான் என்று தெரியும், எண்கள் மட்டும் வேறு வேறு. நாங்கள் இரண்டுபேரும் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு இலையின் விளிம்பைப் பற்றிப் பேசுவோம்.

சனிக்கிழமை வளாகம். இது இவருடைய நாள்.

கலஹா சந்தியில் இறங்கி நடந்தோம். வழியெல்லாம் ரொபரோசியா பூத்துக் கொட்டியிருந்தது, இளஞ்சிவப்பாய். கலஹா வீதி நெடுக ஹந்தான மலை ஒரு பக்கம் கூடவே வரும். பல்கலைக்கழகங்களுக்குக் கட்டடம் கட்டுகிறவர்கள் முதலில் இங்கே வந்து ஒரு கிழமை சும்மா நடந்துவிட்டுப் போகவேண்டும் என்பது என் அபிப்பிராயம். மரத்தை வெட்டாமல், மேட்டைத் தட்டாமல், நிலம் எப்படிக் கிடந்ததோ அப்படியே விட்டுக் கட்டியிருக்கிறார்கள். கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். 1952இல் மாணவர்கள் இங்கே குடிவந்த அதே வருஷம் அவர் இறந்துபோனார். செனற் கட்டடத்தில் கண்டி அரசரின் கொலுமண்டபத் தூண்களைப் பார்த்துச் செதுக்கிய தூண்கள் நிற்கின்றன. 1954இல் பிரித்தானிய அரசியும் கணவரும் திறந்துவைக்க வந்தபோது, மாணவர்கள் படிக்கத் தொடங்கி இரண்டு வருஷமாகிவிட்டது. ஏற்கெனவே திறந்து கிடப்பதை எப்படித் திறப்பது? எடின்பரோ கோமகன், இந்தப் பல்கலைக்கழகம் வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருப்பதாக அறிவிக்கிறேன் என்று சொன்னாராம். இவர் இந்தக் கதையை எங்களுக்கு மூன்று இடங்களில் நின்று மூன்று தரம் சொன்னார்.

அரங்கைக் காட்டினோம். மலைச் சரிவில் படிக்கட்டுப் போல இறங்கிக் கிடக்கிற திறந்தவெளி. பேராசிரியர் சரச்சந்திரவின் பெயர் அதற்கு. எங்கள் காலத்தில் எல்லோருக்கும் அது 'வள', பள்ளம். சரச்சந்திர 1956இல் 'மனமே' போட்டுச் சிங்கள நாடகத்தைத் திருப்பிவிட்டார். அவர் எடுத்துக்கொண்ட 'நாடகம' என்கிற சிங்கள நாட்டார் வடிவம் நம் கூத்திலிருந்து கிளைத்தது. அவர் செய்ததைப் பார்த்துத்தான் இதே வளாகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடுகிற ஆட்டத்தைச் சுருக்கி, மாணவர்களைப் பழக்கி, 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்'. இராவணனாக ஆடிய மாணவன் மௌனகுரு, பின்னாளில் பேராசிரியர். கூத்து சிங்களத்துக்குப் போய், வேறு உடுப்பில், ஒரு வட்டம் சுற்றித் திரும்பி வந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு உற்சாகம் வந்து சத்தம் கூடிவிட்டது. படியில் படுத்திருந்த நாய் எழும்பிப் போனது.

இவருடைய கதைகள் வேறு மாதிரி. பகிடிவதைக் கதைகள். சீனியர்மார் தீக்குச்சி ஒன்றைக் கையில் கொடுத்துப் பாலத்தை அளக்கச் சொன்னது, சேர்ட்டைப் பின்முன்னாகப் போட்டுக்கொண்டு கன்ரீனில் பிளேன்ரீ வாங்கியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகிடிவதை இந்த நாட்டில் உயிர்களை எடுத்திருக்கிறது. 1998இல் அதற்கென்று ஒரு தடைச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதை நான் சொன்னதும், "நீர் எல்லாத்தையும் சீரியஸா எடுப்பீர்" என்றார் இவர். இதில் நான் சீரியஸ்தான்.

ஆனால் அவர் கதைகளைக் கேட்டுக்கொண்டு பின்னால் நடந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மனுஷன் கதைகளைப் பொறுக்கித்தான் சொல்கிறார். அல்விஸ் குளத்தடி வந்ததும், "இது ஷேர்லி அல்விஸ்ர பேரில" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். 1989இல், சிங்கள இளைஞர்களின் ஜேவிபி கிளர்ச்சியை அடக்கிய காலத்தில், அந்தக் குளத்தைச் சுற்றி வெட்டிய தலைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் வந்து சேர்ந்தபோது நாலைந்து வருஷம் கடந்திருந்தது. ஹிந்தகலை அந்தப் பக்கம் நடக்க மாட்டாள். சுற்றுப் பாதையால் வருவாள். காரணத்தை நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அக்பர் பாலத்தில் அதுவே திரும்ப நடந்தது. மகாவலிக்கு மேலே பொறியியல் பீடத்துக்குப் போகிற நடைபாலம் அது. மகள் கைபிடியில் சாய்ந்து தண்ணீரைப் பார்க்க, இவர் அவள் சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். கண்ணை எதிர்க்கரையை விட்டு எடுக்கவில்லை. படித்த காலத்திலும் இந்தப் பாலத்தில் அவர் நடை ஓட்டமாகத்தான் இருக்கும்.

நான் திருகோணமலை. அங்கிருந்து பேராதனைக்கு வருவது பஸ் பயணம், சோதனைச் சாவடிகளோடு. இவர் யாழ்ப்பாணம். 1990இல் வவுனியாவுக்கு அப்பால் ரயில் நின்றுபோனது, ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்தது. பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட பொடியன் தெற்கே வருவதென்றால் கிளாலியில் இரவில் வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடந்து பூநகரிப் பக்கம் இறங்க வேண்டும். பிறகு வன்னி முழுக்க, பிறகு தாண்டிக்குளத்தில் சோதனை. 1993 ஜனவரியில் அந்த நீரேரியில் சனங்கள் கொல்லப்பட்டார்கள். இவர் அதே வருஷம் பின்னால் வந்தவர். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் கிடையாது. ஜாம்போத்தல் விளக்கில் படித்தார்கள். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சமே கொஞ்சம் மண்ணெண்ணெய், அதில் நிற்கிற ஒரு திரி. சுடர் ஒரு பாடப்புத்தகப் பக்கத்தில் பாதிக்குத்தான் காணும்.

கம்பஸில் வந்து பார்த்தால், விளங்கினவன் விளங்காதவனுக்கு இரவில் சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர் 'குப்பி'. குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்தில் வந்த பெயராம். இவருக்கு முதல் கிழமை அது பெரிய பகிடியாக இருந்ததாம். மின்குமிழுக்குக் கீழே இருந்துகொண்டு இவர்கள் குப்பி என்கிறார்கள்! விரிவுரையெல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் படித்து வந்தவர்களுக்கு முதல் தவணை முழுக்க மூச்சு முட்டும். சீனியர் அண்ணா ஒருவர் இரவு பத்து மணிக்கு வந்து தமிழில் குப்பி எடுப்பாராம். அவர் இல்லாவிட்டால் முதல் வருஷமே பெட்டியைக் கட்டியிருப்பேன் என்று இவர் சொல்வார். பகலில் சேர்ட்டைப் பின்முன்னாகப் போடவைத்தவரும் அதே அண்ணாதான்.

பிள்ளைகளுக்கு நான் படித்த விடுதியைக் காட்டவேண்டும் என்று சங்கமித்தை மேடு ஏறினோம். நான் பாதியில் மூன்று இடத்தில் நின்றேன். "அம்மா, இதில ஒவ்வொருநாளும் ஏறினீங்களோ?" என்று மகள் கேட்டாள். ஒரு நாளைக்கு மூன்று தரம், கையில் புத்தகத்தோடு, மழையில் குடையோடு. வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. அது சரிதான், பெண்கள் விடுதி. மதிலுக்கு வெளியே நின்று இரண்டாம் மாடியில் ஒரு யன்னலைக் காட்டினேன். அது என் யன்னல்தானா என்று எனக்கே நிச்சயமில்லை. காயப்போட்ட சட்டைகள் மட்டும் அதே வரிசையில் தொங்கின.

குறிஞ்சிக்குமரன் கோயிலில் இரண்டு மாணவிகள் மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். "எந்த பற்ச்?" என்று கேட்டார்கள். கோயிலுக்கு வருகிற எவரையும் முதலில் கேட்கிற கேள்வி இன்னமும் அதுதான். சொன்னேன். ஒருத்தி விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "நாங்கள் பிறக்கவேயில்லை அக்கா" என்றாள். அக்கா! வெள்ளவத்தைச் சந்தையில் என்னை அன்ரி என்று கூப்பிடாதவர்கள் இல்லை. இங்கே எத்தனை வருஷம் மூத்திருந்தாலும் அக்கா, அண்ணாதான். இவரைப் பார்த்து "அண்ணா, பிரசாதம் எடுங்கோ" என்றதும் என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஒருத்தி கிளிநொச்சி, மற்றவள் ஹற்றன். கிளிநொச்சிப் பிள்ளையிடம் எப்படி ஊருக்குப் போவாய் என்று இவர் கேட்டார். பஸ்ஸில் அண்ணா, ரயில் ஓடுற காலத்தில பொல்காவலையில் மாறி ரயிலில், என்றாள். அவருக்கு அதைக் கேட்கவேண்டியிருந்திருக்கிறது. "பொல்காவலையில மாறி" என்று இரண்டு தரம் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இறங்கி வரும்போது கலஹா வீதியில் ஒரு வளைவு இருக்கிறது. அதற்கு மாணவர்கள் வைத்த பெயர் 'கிஸ்ஸிங் பென்ட்'. மகனுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது, இணையத்தில் பார்த்தானாம். எங்கள் இரண்டுபேரையும் மாறி மாறிப் பார்த்தான். நாங்கள் ஹந்தான மலையின் அழகைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

பின்னேரம் கண்டி வாவியைச் சுற்றினோம். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டியது. நாயக்கர் வழி, தமிழ் பேசிய அரசன். 1815இல் பிடிபட்டு, வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே செத்துப்போனான். கரையில் நின்றால் புத்தரின் புனிதப் பல் இருக்கிற தலதா மாளிகையின் கூரை தெரியும். உள்ளே போவோமா என்று மகள் கேட்டாள். "நாளைக்குப் பாப்பம்" என்றார் இவர். நாளைக்கு நேரமில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

தங்கிய இடத்தில் சுடுதண்ணி வரவில்லை. பரவாயில்லை, கொத்து நன்றாயிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் பாலத்தை நினைவுபடுத்தினாள். "ஏன் அப்பா என்ர சட்டையைப் பிடிச்சனீங்கள்?"

இவர் கிளாலிக் கதையைச் சொன்னார், தானாகவே. அதையும் பகிடியாகத்தான் தொடங்கினார். ஒரு மோட்டார்ப் படகுக்குப் பின்னால் சில வள்ளங்களைத் தொடுத்துக் கட்டியிருந்தார்களாம். இவருடையது கடைசி வள்ளம். ஓட்டை. தண்ணி அள்ள வாளி இல்லை. அம்மம்மா கட்டித்தந்த பலகாரப் பேணியைக் காலி பண்ணி அதால் அள்ளினாராம். பலகாரத்தை என்ன செய்தீங்கள் என்று மகன் கேட்டான். வள்ளத்தில் இருந்த எல்லாரும் சாப்பிட்டோம், இருட்டில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், என்றார். உயர்தரச் சான்றிதழைப் பொலித்தீனில் சுற்றி வயிற்றில் கட்டியிருந்தாராம். நடு நீரேரியில் மோட்டார்ச் சத்தம் நின்றது. எல்லாரும் குனிந்து படுத்தார்கள்.

"அதுக்குப் பிறகு?" என்றான் மகன்.

"அதுக்குப் பிறகு விடிஞ்சுது."

கொத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹிந்தகலை வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லியிருந்தாள். அவள் கொழும்புக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு வராமல் போகமாட்டாள். வட்ஸப்பில் பூப்படங்கள் அனுப்பிக்கொண்டே இருப்பாள், அநேகமாகப் பெயரைப் பிழையாகப் போட்டு, நான் திருத்தவேண்டும் என்பதற்காகவே. ஒவ்வொரு தரமும் "நீ எப்ப வாறாய்?" என்று கேட்பாள். நான்தான் போகவில்லை.

1998 ஜனவரி 25ஆம் திகதியும் ஞாயிறு. அதிகாலையில் தலதா மாளிகை வாசலில் புலிகள் லொறிக் குண்டை வெடிக்கவைத்தார்கள். சுதந்திரத்தின் ஐம்பதாவது வருஷ விழாவைக் கண்டியில் நடத்த ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தன, பத்து நாள்தான் இருந்தது. விடுதியில் வானொலியைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். நாங்கள் தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சப்பேர் ஒரு அறைக்குள் போய் இருந்தோம். யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் ஒரு கனமாக இருந்தது. பத்து மணியளவில் ஹிந்தகலை தன் அப்பாவோடு வந்து விடுதி வாசலில் நின்றாள். "பையை எடு" என்றாள், அவ்வளவுதான். ஆறு நாள் அவர்கள் வீட்டில் இருந்தேன். அவளுடைய அம்மாவுக்குச் சிங்களம் தவிர வேறு மொழி தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால், "துவகே யாளுவா" என்பார். மகளின் சிநேகிதி. என் பெயரைச் சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் எல்லாம் விளங்கிவிடும்.

அந்த வாரம் இவர் வேறிடத்தில் இருந்தார். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்த பொடியன்களை விசாரிக்கக் கூட்டிப்போனார்கள். ஒரு காவல் நிலையத்தில் இரண்டு இரவு. எனக்கே அதை இரண்டு வரியில்தான் சொல்லியிருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹிந்தகலையின் அம்மா மீன் சமைத்திருந்தார். நான் பருப்பையும் கீரையையும் மட்டும் எடுத்தேன். தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருந்தது, அதையும் தொடவில்லை. அவருக்கு முகம் வாடிவிட்டது, சாப்பாடு பிடிக்கவில்லையாக்கும் என்று. மகள் விளக்கினாள்: வெள்ளிக்கிழமை, கோயில். அவர் எழும்பிக் குசினிக்குப் போனார். அம்மியில் ஏதோ அரைபடுகிற சத்தம் கேட்டது. மாசி போடாத சம்பல் ஒரு சின்னக் கோப்பையில் வந்தது.

இப்போது அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. வாசலில் கதிரையில் இருந்தார். நான் குனிந்து காலைத் தொட்டேன். என் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் வரவில்லை. மகள் சொல்லிக்கொடுத்தாள், அதுவும் பிடிபடவில்லை. "கேவத?" என்று கேட்டார். சாப்பிட்டாயா? யாரென்று தெரியாத ஆளிடமும் அவர் முதலில் கேட்பது அதுதான்.

மேசையில் சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி, பருப்பு, மீன் அம்புல்தியல், சம்பல், அப்பளம். என் பிள்ளைகள் மீன் தட்டைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். இவர் ஹிந்தகலையின் கணவரோடு மிளகு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், சரளமான சிங்களத்தில். மகன் அப்பாவை வியப்பாகப் பார்த்தான். நானும் சம்பலுக்குக் கையை நீட்டினேன். நேற்றிலிருந்தே அதற்காகத்தான் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

கிழவி என் கையை மறித்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"அத சிகுராதாத?" என்று மகளிடம் கேட்டார். இன்றைக்கு வெள்ளிக்கிழமையா?

"இல்லை அம்மே, ஞாயிறு" என்றாள் ஹிந்தகலை.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. சம்பல் தட்டை என் முன்னாலிருந்து எடுத்து அப்பால் வைத்தார். மீன் தட்டையும் தள்ளினார். பிறகு பருப்பை அகப்பையால் அள்ளி என் கோப்பையில் ஊற்றினார், ஒன்று, இரண்டு, மூன்று. ஹிந்தகலை என்னைப் பார்த்தாள், சொல்லட்டுமா என்று. நான் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, சோற்றைப் பருப்போடு பிசைந்தேன்.